குறட்டை நின்றுபோகும் அந்தச் சில நொடிகள்

நாமக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 41, கணவருக்கு 47. கணவர் 22 ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். இப்போது ஓட்டுவது கடன் வாங்கி எடுத்த சொந்த வண்டி. தவணை இன்னும் மூன்று ஆண்டு பாக்கி. லைனுக்குக் கிளம்பினால் திரும்பப் பத்து, பன்னிரண்டு நாள் ஆகும். வீட்டில் இருக்கும் நாட்களில் தலையணையில் தலை சாய்த்த இரண்டாவது நிமிடமே குறட்டை ஆரம்பித்துவிடும். “கொடுத்துவெச்சவரு, படுத்ததும் தூங்கிடறாருன்னு இத்தனை வருசமா நெனச்சுட்டு இருந்தனுங்க” என்று எழுதுகிறார். ஒரு வருடமாக வேறொன்றைக் கவனித்துவருகிறார். “அவ்வளவு சத்தமும் பொசுக்குன்னு நின்னுருது. வயிறு மட்டும் ஏறி எறங்குது, மூச்சு வரலை. நான் எண்ணுவேன். இருபது, இருபத்தஞ்சு. அப்புறம் தண்ணிக்குள்ள முங்கி எந்திரிச்சவர் மாதிரி ஒரு இழுப்பு. மறுபடியும் குறட்டை.” எண்ணிக்கை இருபதைத் தாண்டினால் பயந்துபோய் அவரை உலுக்கிவிடுகிறார்.

கணவர் இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். சர்க்கரை இல்லை, புராஸ்டேட் ஸ்கேனிலும் குறை இல்லை. இரண்டு வகை மாத்திரை போட்டும் பி.பி. 150/100க்குக் கீழே இறங்கவில்லை. காலையில் தலைவலியோடு எழுகிறார், சின்ன விஷயத்துக்கும் எரிந்துவிழுகிறார், டிவி முன்னால் மட்டுமல்ல, கல்யாணப் பந்தியில் இலை போடுவதற்குள்ளும் கண் சொக்கிப்போகிறார். போன மாதம் அதிகாலை நான்கு மணிக்கு கிருஷ்ணகிரி பக்கத்தில் வண்டி சென்டர் மீடியனை உரசியிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. சொந்தக்காரர்கள் குடித்திருப்பார் என்கிறார்கள். கூட இருந்த கிளீனர் சத்தியம் செய்து மறுக்கிறார். மாமியார், “தூக்கத்துல அமுக்குவான் வந்து அமுக்குது” என்று மந்திரித்த கயிறு கட்டியிருக்கிறார். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையில் பாதியைக் கணவர் வீட்டில் இருக்கும் நாட்களில் போடுகிறார். அதே மாத்திரையில் பாதியை நான்கு மாதமாக இவரும் தினமும் போட ஆரம்பித்திருக்கிறார்.

கேள்விகள் இவை: இது இதய நோயா? பரிசோதனை செய்தால் லைசென்ஸ் போய்விடுமா? மூக்கில் மாட்டும் மெஷின் ஆக்சிஜன்தானே, ஒருமுறை மாட்டினால் ஆயுளுக்கும் அடிமையாகிவிட மாட்டாரா? பாயை எடுத்துக்கொண்டு ஹாலில் போய்ப் படுப்பது மனைவியாகத் தான் செய்யும் தப்பா?

அன்புள்ள சகோதரிக்கு,

இருட்டில் உட்கார்ந்து நீங்கள் எண்ணிய அந்த எண்ணிக்கைதான் உங்கள் ஐந்து பக்கத்திலும் முக்கியமான வரி. தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது. அதனால் இந்த நோய்க்காக என்னிடம் வருகிற ஆண்களில் தானாக வருகிறவர் குறைவு; பெரும்பாலும் மனைவி கூட்டிவருவார், அவர் சொல்வதை வைத்துத்தான் பாதி நோயறிதல் முடியும். உங்கள் விவரிப்பு அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. சத்தம் நிற்கிறது, ஆனால் வயிறு ஏறி இறங்குகிறது என்று எழுதினீர்களே, மூச்சுவிட உடல் முயல்கிறது, பாதைதான் அடைபட்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

இதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். தமிழில் உறக்க மூச்சுத்தடை எனலாம். கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லக் கூடாது, பரிசோதனை வேண்டும். ஆனால் கனடாவின் டொரண்டோவில் உருவாக்கி 2008இல் வெளியிட்ட எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்றை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறோம். பலத்த குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை மற்றவர் பார்த்தது, ரத்த அழுத்தம், 40 செ.மீ.க்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆண் என்பது ஆகிய ஆறும் உங்கள் கணவருக்குப் பொருந்துகின்றன. 50 வயதைத் தாண்டியது, மிக அதிக உடற்பருமன் ஆகிய இரண்டு மட்டும் இல்லை. எட்டில் ஐந்து வந்தாலே ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வோம். அவருக்கு ஆறு.

குறட்டை என்பது நல்ல தூக்கம் அல்ல

நாக்கின் அடிக்கும் உள்நாக்குக்கும் பின்னால் இருக்கும் மூச்சுப்பாதையைத் திறந்துபிடிக்க எலும்பு கிடையாது, தசைதான். விழித்திருக்கும்போது அந்தத் தசை விறைப்பாக இருக்கும். தூங்கும்போது தளரும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவருக்கு, தாடை சற்று உள்வாங்கியவருக்கு, டான்சில் பெரிதானவருக்கு, தளர்ந்த பாதை குறுகிவிடும். குறுகிய பாதையில் காற்று உரசும் சத்தம்தான் குறட்டை. பாதை முழுக்க ஒட்டிக்கொண்டால் சத்தம் நிற்கும். நீங்கள் பயந்தது சரியான இடத்தில்தான்: குறட்டையைவிட, குறட்டைக்கு நடுவே வரும் அந்த அமைதிதான் நோய்.

பத்து நொடிக்கு மேல் மூச்சு நின்றால் அதை ஒன்று என்று கணக்கு வைப்போம். மூச்சு வெகுவாகக் குறைந்து ஆக்சிஜன் இறங்குவதையும் சேர்ப்போம். மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் போனால் தீவிரம். மணிக்கு 40 தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏழு மணி நேரத் தூக்கத்தில் 280 தடவை. ஒவ்வொரு தடவையும் மூளை சில நொடி விழித்து, தொண்டைத் தசையை இறுக்கி, மூச்சை இழுத்துவிட்டுத் திரும்பத் தூங்குகிறது. காலையில் அதில் ஒன்றுகூட நினைவிருக்காது. ஏழு மணி நேரம் படுக்கையில் கிடந்தும் உடம்புக்குக் கிடைப்பது துண்டு துண்டான உறக்கம். படுத்த இரண்டு நிமிடத்தில் அவர் தூங்குவது கொடுத்துவைத்ததால் அல்ல. பட்டினி கிடந்தவர் சோற்றைக் கண்டதும் அள்ளித் தின்பதுபோல, தூக்கப் பட்டினி கிடந்த மூளை அப்படித்தான் விழும். நன்றாகத் தூங்கி எழுகிற ஆளுக்குப் படுத்தபின் பத்து, இருபது நிமிடம் பிடிக்கும்.

மற்ற தொந்தரவுகளையும் நீங்கள் தனித்தனி நோயாக எண்ணித் தனித்தனி டாக்டரிடம் அலைந்திருக்கிறீர்கள். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். தொண்டை அடைத்திருக்கும்போது நெஞ்சு மட்டும் பலம்கொண்டு இழுக்கிறது. அந்த இழுப்பில் நெஞ்சுக்குள் ஏற்படும் வெற்றழுத்தம் இதயத்தின் மேலறையை விரியவைக்கிறது. மேலறை விரிந்தால், உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று இதயம் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு ஹார்மோனைச் சுரக்கும். சிறுநீரகம் நீரை வெளியே தள்ளும். நான்கு முறை எழுவது அதனால் இருக்கலாம். மூச்சு முட்டும் ஒவ்வொரு தடவையும் அட்ரினலின் பாய்ந்து ரத்த அழுத்தம் எகிறும். ஆரோக்கியமான ஆளுக்கு இரவில் 10 முதல் 20 சதவீதம் இறங்கவேண்டிய பி.பி. இறங்காமலே விடியும். இரண்டு மாத்திரைக்கும் அடங்காத பி.பி. என்றால் நாங்கள் முதலில் சந்தேகிக்கும் காரணங்களில் இது ஒன்று. இரவெல்லாம் கரியமிலவாயு தேங்குவதால் காலைத் தலைவலி. எரிந்துவிழுவது அவர் சுபாவம் மாறியதால் அல்ல, மூளை ஓய்வு காணாததால்.

உங்கள் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை. மகன் மூச்சுக்குத் திணறுவதை அவரும் கவனித்திருக்கிறார். கண் பொய் சொல்லவில்லை, பெயர்தான் மாறிவிட்டது. நம் ஊரில் அமுக்குவான் என்பது வேறு. கனவு காணும் உறக்கத்தில், கனவில் செய்வதையெல்லாம் உடம்பும் செய்துவிடாதபடி மூளை கைகால்களைச் செயலிழக்கவைத்திருக்கும். அந்தப் பூட்டு அவிழ்வதற்குமுன் மனம் விழித்துக்கொண்டால், கண் திறந்திருக்கும், கை அசையாது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல இருக்கும். ஓரிரு நிமிடத்தில் தானே விலகும்; தனியாக வந்தால் ஆபத்தில்லை. உங்கள் கணவருக்கு நடப்பது இது அல்ல, அவர் விழிப்பதே இல்லை. அம்மாவிடம் இதைச் சண்டையாக்க வேண்டாம். கயிறு கையிலேயே இருக்கட்டும், பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும்.

இதய நோயா என்று கேட்டிருந்தீர்கள். இது இதயத்தில் தொடங்கும் நோய் அல்ல. ஆனால் வருடக்கணக்கில் விட்டால் இதயத் துடிப்புக் கோளாறு, பக்கவாதம், மாரடைப்பு ஆகியவற்றோடு நெருங்கிய தொடர்பு உண்டு. அதனால் இ.சி.ஜி., கொழுப்பு, சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைந்தாலும் இதே தொந்தரவு வரும்.

வண்டி விஷயம்

இதில் நான் மென்மையாகப் பேசப்போவதில்லை. பரிசோதனை முடிந்து சிகிச்சை தொடங்கி, பகல் தூக்கம் விலகும்வரை அவர் ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது.

மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். கண் திறந்தபடியே மூளை மூன்று நொடி அணைந்துபோனால் 50 மீட்டர் தூரம் அந்த லாரியை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் நல்ல உடம்புக்காரருக்கே உடலின் கடிகாரம் விழிப்பைத் தாழ்த்திவைத்திருக்கும். அவர் வண்டி உரசியது நான்கு மணிக்கு. கிளீனர் சொன்னதை நான் நம்புகிறேன். குடிக்காமலேயே இது நடக்கும். ஊர் வாய்க்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை, ஆனால் கணவரிடம் “நீங்க குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்” என்று ஒருமுறை சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் காத்திருக்கக்கூடும்.

ஜன்னலைத் திறந்துவைப்பது, பாட்டைச் சத்தமாகப் போடுவது, டீ, பாக்கு எதுவும் தூக்கத்துக்கு மாற்று ஆகாது. டீயும் காபியும் அரை மணி நேரம் கழித்துத்தான் வேலைசெய்யும், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் கண்ணயர்வது மற்ற ஓட்டுநருக்கு உதவும். மூச்சுத்தடை உள்ளவருக்கு அந்த இருபது நிமிடமும் திணறலாகவே போகும்.

தவணை இருக்கிறது, வண்டி நின்றால் வீடு எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். தெரிகிறது. ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு மாற்று டிரைவர் போட்டால் வருமானம் குறையும், ஆனால் வண்டி ஓடும். அந்தப் பணத்தை சிகிச்சைச் செலவு என்றே எழுதிவையுங்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு நாளைக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. சொந்த வண்டியில் தனியாளாக ஓட்டுகிறவரின் தூக்கத்தைக் கேட்க யாரும் இல்லை. எழுதும்போதே எனக்கு இது மனதை அறுக்கிறது.

லைசென்ஸ் பயத்துக்கு வருகிறேன். உங்கள் கணவரின் பரிசோதனை முடிவு அவருக்கும் மருத்துவருக்கும் இடையிலான ரகசியம். நாங்கள் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்புவதில்லை. அதேசமயம் முழு உண்மையையும் சொல்லவேண்டும்: நோயால் ஒருவர் வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் உரிமத்தை ரத்து செய்ய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதிகாரிக்கு இடம் தருகிறது. ஆகவே லைசென்ஸைக் காப்பாற்றுவது நோயை மறைப்பதில் இல்லை. சிகிச்சை எடுத்து, விழிப்பு திரும்பி, அதற்கு டாக்டரிடம் எழுத்தில் வாங்கிவைத்திருப்பதில்தான் இருக்கிறது. நோய் தெரிந்தபின் சிகிச்சை இல்லாமல் ஓட்டி ஒரு உயிர் போனால், அப்போது வரும் வழக்கு லைசென்ஸோடு நிற்காது.

பரிசோதனையும் மெஷினும்

நெஞ்சக நோய் மருத்துவர் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். தனியாரில் கட்டுப்படியாகாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த இரண்டு பிரிவுகளில் கேளுங்கள். தூக்கப் பரிசோதனை என்பது ஓர் இரவு வேலை. தலையில், கண்ணோரத்தில், நெஞ்சில் சில ஒயர்கள், மூக்கடியில் ஒரு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் கிளிப். ஊசி இல்லை, வலி இல்லை. உங்கள் கணவரைப்போலச் சந்தேகம் வலுவாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் சிறிய கருவியே பல நேரம் போதும். கொரோனா காலத்தில் வாங்கிவைத்த விரல் கிளிப்பை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

நோய் நடுத்தரமோ தீவிரமோ ஆனால் சி-பாப் என்ற மெஷினைச் சொல்வோம். இது ஆக்சிஜன் அல்ல. அறையில் இருக்கும் அதே காற்றைச் சற்று அழுத்தத்தோடு மூக்கு வழியே செலுத்துகிறது, அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1980இல் இதை முதலில் பயன்படுத்தி 1981இல் வெளியிட்டார். அதற்குமுன் தீவிர நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதுதான் வழியாக இருந்தது. உங்கள் கணவருக்குப் புரிய நான் சொல்வது இப்படி: டியூப் ரப்பர்தான், உள்ளே இருக்கும் காற்றுதான் அதை விரித்துப் பிடித்து லோடு தாங்குகிறது. தொண்டைக்கும் அதே காற்று. காற்று இறங்கினால் டயர் சப்பையாவதுபோல, மெஷினை நிறுத்தினால் தொண்டை பழையபடி ஒட்டும். லைனுக்குக் கிளம்பும்போதெல்லாம் காற்று பார்ப்பதை எந்த டிரைவரும் அடிமைத்தனம் என்று சொல்வதில்லையே.

சிரமம் இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வாரம் முகமூடி உறுத்தும், வாய் உலரும், காற்று கசியும், பாதி இரவில் கழற்றி எறிவார். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகுவது நல்ல வழி. அளவு பொருந்தாத முகமூடியை மாற்றிக் கேளுங்கள். முகமூடி சரியில்லாததாலேயே மெஷினைப் பரணில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவுக்கு நான்கு மணி நேரமாவது மாட்டினால்தான் பலன் தெரியும், முழுத் தூக்கத்துக்கும் மாட்டுவதே நோக்கம். விலை சில பத்தாயிரங்கள் ஆகும். முதலில் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். லாரியின் பேட்டரியில் இயக்குவதற்கான கன்வெர்ட்டரும் கிடைக்கிறது. லைனில் இருக்கும் இரவுகளில்தான் அது மிகவும் தேவை.

என்ன பலன் எதிர்பார்க்கலாம்? பகல் தூக்கமும் காலைத் தலைவலியும் இரவு எழுவதும் பலருக்குச் சில நாட்களிலேயே குறைகின்றன. பி.பி. கொஞ்சம்தான் இறங்கும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். மாரடைப்பை இது தடுக்கும் என்று பெரிய ஆய்வுகள் இதுவரை உறுதிப்படுத்தவில்லை. அப்படி வாக்குக் கொடுத்து மெஷின் விற்பவரை நம்ப வேண்டாம். நான் உங்கள் கணவருக்கு இதைச் சொல்வதற்கு முதல் காரணம் சாலை.

எடையும் முக்கியம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல ஆண்டு தொடர்ந்த ஆய்வில், எடை பத்து சதவீதம் குறைந்தவர்களுக்கு மூச்சுத்தடை எண்ணிக்கை ஏறத்தாழ 26 சதவீதம் குறைந்தது. உங்கள் கணவரின் 92 கிலோவில் பத்து சதவீதம் என்றால் ஒன்பது கிலோ. தாபாவில் இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதை நிறுத்துவதிலிருந்து தொடங்கலாம். பருமனோடு சேர்ந்த மூச்சுத்தடைக்கு டிர்செபடைட் என்ற ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதித்தது. அது எல்லோருக்கும் ஏற்றதல்ல, மருத்துவர் பார்த்துத்தான் சொல்லவேண்டும். குறட்டைக்கு ஆபரேஷன் என்ற விளம்பரத்தைப் பார்த்து உடனே போகாதீர்கள். டான்சில் பெரிது, மூக்குத்தண்டு வளைவு என்று தெளிவான காரணம் இருந்தால் அது உதவும்.

தூக்க மாத்திரையையும் குவார்ட்டரையும் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்த நாளில் “அலுப்புக்கு” என்று அவர் எடுத்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். இரண்டும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மூச்சு நின்றதும் மூளை எழுப்பிவிடுகிறதே, அந்த விழிப்பையும் மந்தமாக்கும். மூச்சு நிற்கும் நேரம் நீளும். இவருக்கு இந்த இரண்டும் விஷம்போல. மதுவை உடனே விடச் சொல்லுங்கள். மாத்திரையை வீட்டில் இருக்கும் நாட்களில் மட்டும் பாதி போடுகிறார் என்பதால் அவர் நிறுத்திவிடலாம். போகும் டாக்டரிடம் அதையும் சொல்லிவிடட்டும்.

இனி உங்கள் தூக்கம்

கடிதம் முழுக்க அவரைப் பற்றித்தான். ஆனால் ஒரு வருடமாகத் தூங்காமல் இருப்பது நீங்களும்தான். “நான் உலுக்கலைன்னா அவரு மூச்சு அப்படியே நின்னுருமோன்னு கண்ணை மூட பயமா இருக்குதுங்க” என்ற வரியை இரண்டு முறை படித்தேன். சகோதரி, அவரை ஒவ்வொரு தடவையும் எழுப்பியது நீங்கள் அல்ல, அவருடைய மூளை. நீங்கள் அசந்து தூங்கிய இரவுகளிலும், லாரி கேபினில் அவர் தனியாகப் படுத்த நூற்றுக்கணக்கான இரவுகளிலும் அதுதான் அவரை எழுப்பியது. இந்த நோயின் கேடு வருடக்கணக்கில் சேர்வது; நீங்கள் இருபத்தைந்து எண்ணுவதற்குள் நடந்துவிடுவது அல்ல. காவலிலிருந்து உங்களை நீங்களே விடுவித்துக்கொள்ளலாம். அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மல்லாந்து படுத்தால் நாக்கு பின்னால் சரியும். திரும்பாமல் இருக்க முதுகுப் பக்கம் ஒரு தலையணையை அண்டக் கொடுங்கள். பிறகு ஹாலில் போய்ப் படுங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை.

நீங்கள் போடும் பாதி மாத்திரை அல்பிரசோலம் என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று ஹெச்-1 பட்டியலில் வைக்கப்பட்ட மருந்து அது. நான்கு மாதம் தினமும் போட்டபின் இன்றோடு நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் படபடப்பு, தூக்கமே வராமை, சிலருக்கு வலிப்புகூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும். அதோடு, எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். தூக்கம் சொக்கும்போது மட்டும் பாய்க்குப் போங்கள். இருபது நிமிடம் போல ஆகியும் வராவிட்டால் எழுந்து வந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள்; கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். படுக்கையைக் கண்டாலே மனம் காவலுக்குத் தயாராகும் பழக்கம் உங்களுக்கு ஒரு வருடமாக ஊறியிருக்கிறது. அது மாற ஆறு, எட்டு வாரம் பிடிக்கும், ஆனால் மாறும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை இந்தப் பயிற்சிதான். மாத்திரை அதற்குப் பிறகுதான்.

நீங்கள் கேள்வியாகக்கூடக் கேட்காத ஒரு வரி கடைசிப் பக்கத்தில் இருந்தது. “ராத்திரி படுத்தா காலை இழுத்து இழுத்து என்னமோ பண்ணுது, பொண்ணை மிதிச்சுவிடச் சொல்லுவேன், எந்திரிச்சு நடந்தா தேவலை.” மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரவில் படுத்தால் மட்டும் வந்து, நடந்தால் குறையும் இந்தக் கால் குடைச்சல் ஒரு தூக்க நோய். இரும்புச்சத்துக் குறைவு அதற்குப் பெரிய காரணம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிட்டு நிற்காமல் ஃபெரிட்டின் என்ற பரிசோதனையையும் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பின் இருப்பு காலியாகியிருக்கலாம். குடைச்சல் உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுப்போம். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. அதிக ரத்தப்போக்குக்கு மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். உங்கள் தூக்கம் கெட்டதில் பாதிக் குற்றம் கணவரின் குறட்டையுடையதாக இல்லாமலும் இருக்கலாம்.

அவர் “எனக்கென்ன நோவு, ராத்திரி பூரா வண்டி ஓட்டறவன்” என்று மறுப்பதாகச் சொல்கிறீர்கள். வாதம் செய்ய வேண்டாம். அடுத்த தடவை வீட்டுக்கு வந்து தூங்கும்போது, நெஞ்சும் வயிறும் தெரியும்படி, போர்வையை விலக்கிவிட்டு, செல்போனில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். மறுநாள் குளித்துச் சாப்பிட்டுத் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, உங்கள் மகளும் மாமியாரும் இல்லாதபோது, அவரிடமே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் எண்ணிய இருபத்தைந்தை அவரும் ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். அதே வீடியோவை டாக்டரிடமும் காட்டுங்கள்.